ஊராட்சிப் பதிவேட்டைப் பெயர் சொல்லிக் கேட்பது எப்படி?

தெருவில் போட்ட சிமெண்ட் சாலை ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் பெயர்ந்து ஜல்லி தெரியத் தொடங்கினால், எவ்வளவு செலவானது, யார் ஒப்பந்தம் எடுத்தது என்ற பேச்சு தேநீர்க் கடையில் எழுந்து அங்கேயே அடங்கிவிடுகிறது. அந்தக் கேள்விக்கான விடை ஏற்கெனவே காகிதத்தில் எழுதப்பட்டு, கையொப்பமிடப்பட்டு, ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் ஓர் அலுவலகப் பீரோவுக்குள் இருக்கிறது என்பதைப் பேசுபவர்களில் பலர் அறிவதில்லை. அந்தக் காகிதத்தை நேரில் பார்வையிடவும் அதன் நகலைப் பெறவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை எப்படிப் பயன்படுத்துவது என்பதை, தமிழ்நாட்டுக் கிராம ஊராட்சி ஒன்றில் போடப்பட்ட சாலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இங்கே விளக்குகிறேன்.

இந்தியாவில் இந்த உரிமையை வழங்குவது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். அது அந்த ஆண்டு அக்டோபர் 12 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு அதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1997இல், நாட்டிலேயே முதல் மாநிலமாகத் தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் இயற்றியிருந்தது என்றாலும், அதில் விதிவிலக்குகள் மிகுந்திருந்ததால் மக்கள் கைக்கு அது பெரிதாகப் பயன்படவில்லை. மத்தியச் சட்டத்துக்கு வித்திட்டதோ உள்ளாட்சிக் கணக்குதான். இராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, அரசுப் பணிகளில் கூலி வேலை செய்தவர்களுக்கு உரிய கூலி கிடைக்காத நிலையை எதிர்த்துப் போராடியபோது, வருகைப் பட்டியலையும் செலவுச் சீட்டுகளையும் காட்டுங்கள் என்று கேட்டது. 1994 முதல் அந்த அமைப்பு ஊர் கூடும் இடத்தில் பொது விசாரணைகளை நடத்தியது. அங்கே பதிவேட்டில் உள்ளவை வாய்விட்டுப் படிக்கப்பட்டபோது, வேலைக்கே வராதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்ததும், கட்டாத கட்டடத்துக்குப் பணம் எடுக்கப்பட்டிருந்ததும் வெளிவந்தன. உரக்கப் பேசியவர்களைவிட அந்த ஒற்றைப் பதிவேட்டுக்கே அங்கு வலிமை அதிகமாக இருந்தது.

தொடக்கத்திலேயே மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. தகவல் உரிமைச் சட்டம் அலுவலரைக் கேள்வி கேட்பதற்கான சட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது ஆவணத்தைக் கேட்டுப் பெறுவதற்கான சட்டம். அலுவலகத்தின் கைவசம் எது இருக்கிறதோ அதைத்தான், இத்தகைய மனுக்களுக்குப் பதில் தரும் பொறுப்பில் உள்ள பொதுத் தகவல் அலுவலர் தர வேண்டும். இல்லாத ஒன்றைப் புதிதாகத் தயாரித்துத் தரவோ, தம் கருத்தைச் சொல்லவோ, ஒரு செயலுக்கு விளக்கம் கூறவோ அவருக்குக் கடமை இல்லை. உச்ச நீதிமன்றம் 2011இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் இதைத் தெளிவாக்கியது. நான் முதன்முதலாக அனுப்பிய மனுவில் "எங்கள் தெரு விளக்குகள் ஏன் பல மாதங்களாகச் சரிசெய்யப்படவில்லை?" என்று கேட்டிருந்தேன். சரியாக முப்பதாம் நாள் வந்த பதிலில், கோரப்பட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது என்று ஒரே வரி இருந்தது. அது எனக்கு வருத்தம் தந்தாலும் சட்டப்படி அந்தப் பதில் சரிதான். இரண்டாவது முறை, தெருவிளக்குப் பராமரிப்புப் பதிவேட்டின் குறிப்பிட்ட ஆறு மாதப் பக்கங்களையும், அந்தக் காலத்தில் விளக்கு வாங்கியதற்கான செலவுச் சீட்டுகளையும் நகலாகக் கேட்டேன், அவை கிடைத்தன. ஏன் என்று கேட்டபோது வராத விடை, பதிவேட்டின் பெயரைச் சொல்லிக் கேட்டபோது அந்தப் பக்கங்களுக்குள்ளேயே இருந்தது.

எனவே மனு எழுத உட்காரும் முன், நமக்குத் தேவையான செய்தி எந்தக் காகிதத்தில் பதிவாகியிருக்கும் என்று யோசிக்க வேண்டும். ஒரு சாலைப் பணி தொடங்கி முடியும் வரை அது தன் பின்னால் விட்டுச்செல்லும் காகிதங்களை வரிசையாகப் பார்த்தால் இது எளிதில் விளங்கும். முதலில் சாலை வேண்டும் என்ற தீர்மானம் கிராம சபையிலோ ஊராட்சி மன்றக் கூட்டத்திலோ நிறைவேறித் தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறது. பொறியியல் பிரிவு மதிப்பீடு தயாரிக்கிறது. எத்தனை மீட்டர் நீளம், எவ்வளவு அகலம், எத்தனை சென்டிமீட்டர் கனம், எந்த விகிதக் கலவை, மொத்தம் எவ்வளவு தொகை என்பதெல்லாம் அதில் இருக்கும். பிறகு நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி என்ற இரண்டு ஆணைகள் வருகின்றன. 1998ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின்படி ஒப்பந்தப்புள்ளி கோரப்பட்டால் அதன் அறிவிப்பும், ஒப்பந்ததாரர்கள் குறிப்பிட்ட விலைகளின் ஒப்பீட்டுப் பட்டியலும் கோப்பில் சேர்கின்றன. அடுத்து பணி ஆணை, ஒப்பந்தம், பணி நடக்கும்போதும் முடிந்த பின்பும் எடுக்கப்பட்ட புகைப்படங்கள், பணப்பட்டியல், கடைசியில் ரொக்கப் புத்தகத்தில் ஒரு வரி.

இவற்றுள் சாதாரண மக்களுக்கு மிகவும் உதவுவது எம்-புக் என்று அலுவலகத்தில் வழங்கும் அளவுப் புத்தகம் என்பது என் கருத்து. பணி நடந்த இடத்துக்கே சென்று அளந்து, அளவுகளைத் தம் கையால் எழுதிப் பொறியாளர் கையொப்பமிடும் புத்தகம் அது. அதில் உள்ள அளவின்படிதான் ஒப்பந்ததாரருக்குப் பணம் கணக்கிடப்படுகிறது. ஒரு பக்கத்தைத் திறந்தால் பணியின் விவரம், எண்ணிக்கை, நீளம், அகலம், கனம், மொத்த அளவு என்று கட்டங்கள் இருக்கும். அதில் நீளம் 80 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 0.15 மீட்டர், மொத்தம் 36 கன மீட்டர் என்று எழுதப்பட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த நகலைக் கையில் வைத்துக்கொண்டு, கடையில் கிடைக்கும் சாதாரண அளவு நாடாவோடு தெருவுக்குப் போனால் நீளத்தையும் அகலத்தையும் பள்ளிப் பிள்ளைகள்கூட அளந்துவிடலாம். சாலையின் ஓரம் உடைந்திருக்கும் இடத்தில் கனத்தையும் பார்த்துவிடலாம். தெருவில் 10 சென்டிமீட்டர்தான் இருக்கிறது என்றால், 36 கன மீட்டருக்குப் பணம் பெற்ற இடத்தில் 24 கன மீட்டர்தான் போடப்பட்டிருக்கிறது என்று கணக்கு சொல்லிவிடும். இதற்கு மேலும் உறுதி தேவைப்பட்டால், பணியை நேரில் ஆய்வு செய்யவும், பயன்படுத்திய பொருளின் சான்றளிக்கப்பட்ட மாதிரியைப் பெறவும் தகவல் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு உரிமை தருகிறது. நகல் பெறும் உரிமையை அறிந்தவர்களில்கூடப் பலருக்கு இந்த மாதிரி பெறும் உரிமை தெரிவதில்லை.

அடுத்தது, எந்த அலுவலகம் என்ற கேள்வி. கிராமத்தில் ஊராட்சிச் செயலரையும் கிராம நிர்வாக அலுவலரையும் ஒரே அலுவலகத்தின் இரு ஊழியர்களாக மக்கள் கருதிக் குழம்புவது வழக்கம். ஊராட்சிச் செயலர் ஊரக வளர்ச்சித் துறையின் பக்கம் இருப்பவர். வீட்டு வரி, குடிநீர்க் கட்டணம், தெருவிளக்கு, சாலை, தீர்மானப் புத்தகம் ஆகியவை அவர் பக்கத்தில் இருக்கும். கிராம நிர்வாக அலுவலரோ வருவாய்த் துறையைச் சேர்ந்தவர். பட்டா, சிட்டா, அடங்கல், அ-பதிவேடு, புல வரைபடம் ஆகிய நில ஆவணங்கள் அவரும் வட்டாட்சியர் அலுவலகமும் பராமரிப்பவை. வில்லங்கச் சான்று பதிவுத் துறையின் சார்பதிவாளர் அலுவலகத்தில் கிடைப்பது. ஏரிக்கரை ஆக்கிரமிப்பைப் பற்றி ஊராட்சிக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர், அந்த நிலத்தின் வகைப்பாடு அ-பதிவேட்டில் இருக்கிறது என்று அறிந்திருந்தால் நேரே வட்டாட்சியர் அலுவலகத்துக்கு எழுதியிருப்பார்.

சாலைப் பணியின் கோப்பு பெரும்பாலும் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும். அங்கே வட்டார ஊராட்சிக்கு ஒருவர், கிராம ஊராட்சிகளுக்கு ஒருவர் என இரண்டு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் உண்டு. பணி எந்த நிதியில் நடந்தது என்பதைப் பொறுத்துக் கோப்பு இருக்கும் மேசை மாறும். அதைக் கண்டுபிடிக்க, சாலை தொடங்கும் இடத்தில் நட்டிருக்கும் பணி விவரப் பலகையைப் பார்ப்பது நல்லது. திட்டத்தின் பெயர், நிதியாண்டு, மதிப்பீட்டுத் தொகை ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். சுவரொட்டி மூடியிருந்தால் சற்று ஒதுக்கிப் படித்து, கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் எந்த அலுவலகம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தயங்க வேண்டியதில்லை. தவறான அலுவலகத்துக்கு மனு போய்ச் சேர்ந்தாலும், அதை ஐந்து நாட்களுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி அனுப்பிவிட்டு மனுதாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 6(3) பிரிவு கூறுகிறது. பேரூராட்சியில் செயல் அலுவலர் அலுவலகமும், நகராட்சியிலும் மாநகராட்சியிலும் ஆணையர் அலுவலகமும் மனு அனுப்ப வேண்டிய இடங்கள்.

கேட்காமலே கிடைக்கக்கூடியவற்றை முதலில் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சமாக்கும். சட்டத்தின் 4ஆவது பிரிவு, ஒவ்வொரு பொது அமைப்பும் தன் பணிகள், ஊழியர்கள், வரவு செலவுத் திட்டம், பயனாளிகள் விவரம் போன்றவற்றைத் தானாகவே வெளியிட வேண்டும் என்கிறது. 2020இல் தொடங்கப்பட்ட இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் மாநிலம், மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி என்று தேர்வு செய்து, நிதிக்குழு மானியத்தின் வரவு செலவைப் பார்க்கலாம். நூறு நாள் வேலைத் திட்டத்தின் வருகைப் பட்டியல்கள் அத்திட்டத்தின் இணையதளத்தில் ஊராட்சி வாரியாகக் கிடைத்து வந்திருக்கின்றன. இவற்றில் உள்ள பணி எண்ணைக் குறித்துக்கொண்டால், பின்னர் மனுவில் அதைக் குறிப்பிட்டு எழுதலாம். கோப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற பதிலுக்கு அப்போது இடமிருக்காது.

கிராம சபைக் கூட்டமும் ஆவணம் கேட்கும் இடம்தான். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் அது கூட்டப்படுகிறது. வரவு செலவும் தணிக்கை அறிக்கையும் அங்கே மக்கள் முன் வைக்கப்பட வேண்டியவை. மக்கள்தொகை 3,001 முதல் 10,000 வரை உள்ள ஊராட்சியில் கூட்டம் செல்லுபடியாக 200 பேர் கலந்துகொண்டிருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே, பிற்பாடு ஏதேனும் ஒரு தீர்மானத்தின் நகலைக் கேட்கும்போது, அந்தக் கூட்டத்தின் வருகைக் கையொப்பப் பக்கங்களையும் சேர்த்துக் கேளுங்கள்; கையொப்பங்களை எண்ணிப் பார்த்தாலே சில செய்திகள் விளங்கும். உத்திரமேரூரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு, வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலைக்கு எழுதக் கூடாது என்று விதித்திருக்கிறது. கணக்குக் கேட்பதை ஏதோ குடைச்சல் கொடுப்பதாக எண்ணித் தயங்குபவர்களுக்கு அதை நினைவூட்ட விரும்புகிறேன்.

மனுவுக்குக் கட்டாயமான அச்சிட்ட படிவம் எதுவும் இல்லை. வெள்ளைத் தாளில், தமிழில், கையால் எழுதினாலே போதும். எழுதத் தெரியாதவர் வாய்மொழியாகச் சொன்னால், அதை எழுத்து வடிவில் கொண்டுவரப் பொதுத் தகவல் அலுவலர் உதவ வேண்டும் என்பதும் சட்டத்தில் உள்ளது. தமிழ்நாட்டில் விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். அதை நீதிமன்றக் கட்டண வில்லையாக மனுவின் மேல் ஒட்டுவது பரவலான வழக்கம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் அதற்கான சான்றை இணைத்தால் கட்டணம் இல்லை. "பெறுநர்: பொதுத் தகவல் அலுவலர்" என்று பதவியை எழுதினால் போதும், அலுவலரின் பெயர் தேவையில்லை. இந்த உரிமை குடிமக்களுக்கு உரியது என்பதால், சங்கத் தலைவர், மன்றச் செயலாளர் என்ற முறையில் எழுதாமல் தனிநபராகக் கையொப்பமிடுவது நல்லது.

மனுவின் உள்ளடக்கம் இவ்வாறு அமையலாம்: "2023–24ஆம் நிதியாண்டில் எங்கள் ஊராட்சியின் கிழக்குத் தெருவில் அமைக்கப்பட்ட சிமெண்ட் சாலைப் பணி தொடர்பான மதிப்பீடு, நிர்வாக அனுமதி ஆணை, பணி ஆணை, அளவுப் புத்தகத்தில் இப்பணி பதிவான பக்கங்கள், பணப்பட்டியல்கள் ஆகியவற்றின் சான்றளிக்கப்பட்ட நகல்களை வழங்கக் கோருகிறேன். கோப்பு முழுவதையும் நேரில் பார்வையிட ஒரு நாளையும் நேரத்தையும் தெரிவிக்கவும் கோருகிறேன்." இவ்வளவுதான். ஊழல் நடந்திருக்கிறது, நடவடிக்கை எடுங்கள் என்றெல்லாம் அதில் சேர்த்தால் மனு புகாராக மாறிவிடும். புகாரை ஆவணம் கைக்கு வந்த பிறகு தனியாக எழுதலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்லவும் வேண்டியதில்லை. 2014இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பில் காரணம் கூற வேண்டும் என்ற கருத்து இடம்பெற்றபோது, அது சட்டத்தின் 6(2) பிரிவுக்கு மாறானது என்பதால் சில நாட்களிலேயே நீதிமன்றம் தானாகவே அதை நீக்கிவிட்டது.

பத்து ஆண்டுகளின் எல்லாப் பதிவேடுகளையும் கேட்டு ஒரே மனு அனுப்புவதை நான் பரிந்துரைப்பதில்லை. அலுவலகத்தின் வேலையை அளவுக்கு மீறித் திசைதிருப்பும் என்று கூறி, கேட்ட வடிவில் தர மறுக்க அது வழி செய்துவிடும். ஓர் ஆண்டு, ஒரு பணி, நான்கைந்து ஆவணங்கள் என்று சுருக்கிக் கேட்டவர்களுக்கே விரைவில் கிடைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

மனுவை, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும் வகையில் விரைவஞ்சலில் (ஸ்பீட் போஸ்ட்) அனுப்புங்கள். அரசின் இணையவழித் தகவல் உரிமைத் தளத்தில் உரிய அலுவலகத்தின் பெயர் இருந்தால் அதிலும் பதிவு செய்யலாம். ஊரில் எல்லாரும் எல்லாரையும் அறிவார்கள் என்பதால் மனு போடுபவருக்கு நெருக்கடி வருவதும் உண்டு; அதைச் சிறிய செய்தியாக நான் கருதவில்லை. ஊராட்சி அலுவலகத்தில் நேரில் கொடுக்காமல் ஒன்றிய அலுவலகத்துக்கு அஞ்சலில் அனுப்புவதும், அதே தெருவைச் சேர்ந்த மூன்று நான்கு பேர் தனித்தனியாக அதே ஆவணங்களைக் கேட்பதும் ஒருவர் மேலேயே சுமை விழாமல் பார்த்துக்கொள்ளும். தொடர்பு கொள்வதற்குத் தேவையான விவரங்களைத் தவிர வேறு தனிப்பட்ட விவரங்களைக் கேட்கக் கூடாது என்பதே சட்டம். அஞ்சல் பெட்டி எண் கொடுத்தாலும் போதும் என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் கூறியிருக்கிறது.

மனு கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். உயிர் அல்லது சுதந்திரம் தொடர்பானதென்றால் 48 மணி நேரம். நகல் தருவதாக இருந்தால், பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் எத்தனை பக்கங்களுக்கு எவ்வளவு செலுத்த வேண்டும் என்று முதலில் ஒரு கடிதம் வரும். அந்தக் கடிதம் அனுப்பப்பட்ட நாளுக்கும் நாம் பணம் கட்டும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் 30 நாள் கணக்கில் சேராது என்பதால் பணத்தை உடனே கட்டிவிடுவது நல்லது. 30 நாள் கெடு கடந்த பிறகு தருவதாக இருந்தால் இலவசமாகத் தர வேண்டும். நேரில் பார்வையிட முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. பணம் குறைவாக உள்ளவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்த நேர்ப் பார்வையைத்தான். நூறு பக்கக் கோப்பைப் புரட்டிப் பார்த்து, தேவையான எட்டுப் பக்கங்களின் எண்ணை மட்டும் குறித்துக் கொடுத்து நகல் பெறலாம். தனியாகப் போகாமல், கணக்குப் பார்க்கத் தெரிந்த ஒருவரை உடன் அழைத்துச் செல்ல முன்கூட்டியே மனுவில் அனுமதி கேட்டு எழுதிவிடுங்கள்.

மறுப்பு வந்தால், எந்தப் பிரிவின்படி என்று எழுதியிருக்கிறார்களா என்று பாருங்கள். பிரிவைக் குறிப்பிட்டுக் காரணம் கூறாத மறுப்பு முறையான மறுப்பு ஆகாது. உள்ளாட்சி ஆவணங்களில் அடிக்கடி காட்டப்படும் காரணம் தனிநபர் விவரம் என்பது. 8(1)(ஜே) என்ற அந்த விதிவிலக்கை 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் மேலும் விரிவாக்கியிருக்கிறது. பயனாளிகள் பட்டியல், வருகைப் பட்டியல் போன்ற பெயர்கள் நிறைந்த ஆவணங்களைக் கேட்பவர்களுக்கு இது கவலை தரும் மாற்றம். ஆனாலும் இரண்டு வழிகள் திறந்தே இருக்கின்றன. மறைக்க வேண்டிய பகுதியை மட்டும் மறைத்துவிட்டு மீதியைத் தர வேண்டும் என்று 10ஆவது பிரிவு கூறுகிறது. பொதுநலன் மேலோங்கி நின்றால் விதிவிலக்கில் வரும் தகவலையும் தரலாம் என்று 8(2) பிரிவு கூறுகிறது. ஒரு சாலையின் மதிப்பீட்டிலும் அளவுப் புத்தகத்திலும் யாருடைய அந்தரங்கமும் இல்லை என்பதை மேல்முறையீட்டில் எடுத்துச் சொல்லத் தயங்காதீர்கள்.

மறுப்பு வந்தாலும், 30 நாட்களில் பதிலே வராவிட்டாலும், அரைகுறையாக வந்தாலும், அடுத்த 30 நாட்களுக்குள் அதே துறையில் மேல்நிலையில் உள்ள முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அவர் யார் என்பதை மறுப்புக் கடிதத்திலேயே தெரிவிக்க வேண்டும். அவர் 30 நாட்களில், மிஞ்சினால் 45 நாட்களில், முடிவு செய்ய வேண்டும். முதல் மனு, வில்லை ஒட்டிய பக்கத்தின் நகல், அஞ்சல் ஒப்புகை, வந்த பதில் ஆகியவற்றை இணைத்து, எந்த ஆவணம் வரவில்லை என்பதை மட்டும் அரைப் பக்கத்தில் எழுதினால் போதும். அதிலும் தீர்வு இல்லையென்றால் 90 நாட்களுக்குள் தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு செய்யலாம். நியாயமான காரணமின்றித் தகவலை மறுத்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை ஆணையம் தண்டம் விதிக்க முடியும். ஆணையத்தில் வழக்கு எடுக்கப்படுவதற்குப் பல மாதங்கள் ஆகலாம் என்பதால், அதுவரை ஒவ்வொரு காகிதத்தையும் தேதி வாரியாக ஒரே கோப்பில் கோத்து வைத்திருப்பது அவசியம்.

நகல் கைக்கு வந்தவுடன், ஒவ்வொரு பக்கத்திலும் உண்மை நகல் என்ற முத்திரையும் அலுவலரின் கையொப்பமும் இருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை இல்லாத தாள் பின்னர் சான்றாகப் பயன்படுவது கடினம். பணம் கட்டிய பக்கங்களின் எண்ணிக்கையும் வந்த பக்கங்களின் எண்ணிக்கையும் ஒத்திருக்க வேண்டும். அளவுப் புத்தகப் பக்கங்களில் எண் வரிசை இடையில் விட்டுப்போயிருந்தால், விடுபட்ட பக்க எண்களை மட்டும் குறிப்பிட்டு அன்றைக்கே அடுத்த கடிதத்தை எழுதிவிடுங்கள்.